திருத்துன கை

சித்த அக்கட்டால நகந்து உக்காருங்க. கோவிச்சுக்காதீங்க, இந்தக் கட்டுப் போட்ட கையில யாராச்சும் இடிச்சா உசுரே போயிட்டு வருது. ஏப்பா கண்டக்டரு, பள்ளம் மேடு பாத்து ஓட்டச் சொல்லு உங்க டிரைவர! மாட்டு லோடா ஏத்திட்டுப் போறீங்க? அட, எங்க கேக்கறான். செவிட்டுல ஒண்ணு வெச்சாத்தான் இவனுகளுக்கெல்லாம் கேக்கும்.

நீங்க எங்க எறங்கறீங்க? காந்திபுரமா? நான் கோர்ட்டுக்குப் போறனுங்க. அய்ய, பயப்படாதீங்க, நான் சாட்சி. மேஜிஸ்ட்ரேட்டு முன்னால வாக்குமூலம் குடுக்கோணும்.

கை எப்படி ஒடிஞ்சுதுன்னுதான பாக்கறீங்க? கேட்டுப் போடுங்க. ஒருத்தன் தாடையில குத்துனனுங்க. ஒரே குத்து. அவனுக்குத் தாடை ரெண்டு துண்டு, எனக்குக் கையில ரெண்டு எலும்பு. போலீஸ்ல என்ன எழுதி வெச்சிருக்காங்க தெரியுமா? அவனக் காப்பாத்தக் குறுக்க போயி எனக்கு அடி பட்டுருச்சாமா. நான் வாயே தொறக்காம உக்காந்திருந்தேன், அவியளா எழுதிக்கிட்டாங்க. எழுதறவங்க கையப் புடிக்க முடியுமுங்களா? உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, பஸ்ஸ விட்டு எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ.

என்ற பேரு சென்னியப்பன். பீளமேட்டுப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. மொத்தமே ஆறு பேரு. ஃபேக்டரி மிசினுகளுக்கு புரோகிராம் எழுதறது எங்க வேலை. மிசின் எப்ப ஓடோணும், எப்ப நிக்கோணும்னு நாங்க எழுதி வெச்சாத்தான் அது கேக்கும். அவனவன் எழுதறத வாங்கித் திருத்தி வெளிய அனுப்பறவன் நான். பதினோரு வருசமா திருத்தறேன். என்ற கை படாம ஒரு வரி வெளிய போனது கெடையாது.

இந்த புரோகிராம்ல குறிக இருக்குதுங்க. கூட்டல், கழித்தல், சமக்குறி, பெருசு, சிறுசு, இப்படி. நான் என்ன பண்ணுவேன், எவன் எந்தக் குறிய எத்தனை தடவை போட்டிருக்கறான்னு எண்ணிப்போடுவேன். அதுக்குன்னே ஒரு சின்ன புரோகிராம் நானே எழுதி வெச்சிருந்தேன். சிரிக்காதீங்க. கையெழுத்தப் பாத்து ஆளச் சொல்ற மாதிரி, குறிய எண்ணுனா ஆளு தெரிஞ்சுபோவான். எங்க ஆபீஸ்ல நூறு குறி எடுத்தா நாப்பதுக்கு மேல ஒத்தச் சமக்குறிதான். இத அதுல போடு, அத இதுல போடுன்னு. அப்பறம் கூட்டல். அப்பறம் ரெட்டைச் சமக்குறி, அது ரெண்டும் சமமான்னு கேக்கறது. வகுத்தல் எத்தனைங்கறீங்க? ஆயிரத்துக்கு மூணு. இந்த வகுத்தலுக்காக வாத்தியாரு என்ற வெரல் மொட்டிய எத்தனை தடவை பேத்தெடுத்தாரு, நாசமாப் போக.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாளு. ரெண்டு கட்டம். ஒண்ணு 'எழுதுன கை', இன்னொண்ணு 'திருத்துன கை'. எழுதுனவன் எத்தனை குறி போட்டான், நான் திருத்துன பொறவு எத்தனை நிக்குதுன்னு. கீழ என்ற கையெழுத்து. தண்ணிக் கேன் வெச்சிருக்கற எடத்துக்கு மேல ஒட்டி வெப்பேன். தண்ணி குடிக்க வர்றவன் பூரா அதப் பாத்துட்டுத்தான் குடிக்கோணும்.

அதுல ஒரு குறி மட்டும் என்ற கட்டத்துல எப்பவும் பூஜ்யம். ஆச்சரியக்குறி. நீங்க ஆச்சரியத்துக்குப் போடுவீங்க, புரோகிராம்ல அதுக்கு வேற அர்த்தம். மறுக்கறது. ஒண்ணு அப்படிக் கெடையாதுங்கறதுக்கு அதப் போடுவாங்க. சமக்குறிக்கு முன்னால போட்டா, ரெண்டும் சமம் கெடையாதுன்னு அர்த்தம். பதினோரு வருசம், பூஜ்யம். எந்த வேலைக்குத் தாள எடுத்தாலும் என்ற கட்டத்துல அதுக்கு நேரா பூஜ்யந்தான்.

ஏன்னு கேளுங்க. எங்கூட்டுல அந்த வார்த்தையே ஆகாதுங்க. அரிசி தீந்துபோச்சுன்னா 'நெறஞ்சிருக்கு'ம்போம். உப்பு தீந்தாலும் அதான், எண்ணை தீந்தாலும் அதான். உங்கூட்டுலயும் அப்படித்தானுங்க? அந்த இன்னொரு வார்த்தைய வெளக்கு வெக்கற ஊட்டுல சொன்னா, அது அங்கயே குடி வந்துரும். எனக்கு ஆறு வயசு, ஒறம்பரை வந்திருக்காங்க, நான் சமையக்கட்டுல இருந்து கத்துனேன், அம்மா அரிசி... அப்படீன்னு அந்த வார்த்தைய. எங்கம்மா அடுப்புல கெடந்த கரண்டிய எடுத்து வாயிலயே வெச்சா. இந்தா பாருங்க, ஒதட்டுக்குக் கீழ தழும்பு. தப்பாச் சொல்லக்கூடாது, நல்லா வெச்சா. அதுல இருந்து அந்த வார்த்தை என்ற வாயில வந்ததே கெடையாது.

சரி, ஒரு தடவை வந்துச்சு. அதச் சொல்லத்தான் வர்றேன்.

என்ற பொண்டாட்டி வந்த புதுசுல ரெண்டு மூணு தடவை சொல்லிப்போட்டா. வாங்க வேண்டியத வாங்குனா, அப்பறம் பழகிக்கிட்டா. இப்ப கேஸ் சிலிண்டரு தீந்தாக்கூட 'நெறஞ்சிருச்சுங்க'ன்னு எவ்வளவு அழகாச் சொல்றா.

இப்படி இருக்கையில எங்காபீஸ்ல இசக்கிராஜான்னு ஒருத்தன் வந்து சேந்தானுங்க. சங்கரன்கோயில் பக்கம். இருவத்தாறு வயசு, ஊதுனா பறக்கற ஒடம்பு, கண்ணாலமாயி ஒரு வருசம், பொண்டாட்டி மாசமா இருந்தா. வேலைக்காரன்தான், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா எதுக்கெடுத்தாலும் ஆச்சரியக்குறி. மொத மாசத் தாளுல அறுவத்தி மூணு. அறுவத்தி மூணு! எனக்கு அதப் பாத்ததும் தலைக்கு ஏறிப்போச்சு. கூப்புட்டு வெச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டு வெச்சேன். வெளையாட்டுக்குத்தானுங்க, ஆபீஸே சிரிச்சுது. இருவதுக்கு மேல அவன் கண்ணுல தண்ணி வந்துருச்சு, அப்பவும் விட்டு விட்டு மத்தியானத்துக்குள்ள மிச்சத்தையும் முடிச்சேன். பேச்சுன்னா பேச்சு.

அவன் என்ன சொல்லுவான்கறீங்க? "அண்ணே, இல்லைங்கதுக்கு இல்லைன்னுதாம்ணே எழுதணும். சுத்தி வளைச்சு எழுதுனா என்னைக்காவது மாட்டிக்கிடும்ணே." எனக்கே பாடம் எடுக்கறான். ஒருக்கா கைக்கு ஆம்புட்ட ஸ்டேப்ளர எடுத்து வீசுனேன், புருவத்துல பட்டுருச்சு. ரெண்டு தையல்தான். நானே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி நானே டீ வாங்கிக் குடுத்தேன். அந்த மாதிரி அண்ணன் எவனுக்குக் கெடைக்கும்?

அப்பத்தான் கணபதியில ஒரு பட்டறையில இருந்து வேலை வந்துச்சு. வாஷர் தட்டற பிரஸ்ஸு, அறுவது டன்னு. பொம்பளைங்க தகடு வெப்பாங்க, மேல இருந்து டம்முன்னு எறங்கும். கை உள்ள இருக்கறப்ப எறங்கிப்போடக் கூடாதுன்னு ஒரு கண்ணு வெச்சிருப்பாங்க. சென்சாரு. அந்தக் கண்ணு மூணே பதில்தான் சொல்லும். கை உள்ள இருக்குது. கை வெளிய இருக்குது. அப்பறம் மூணாவது, எனக்குத் தெரியாது. அழுக்கு அடைச்சுக்கிட்டாலோ ஒயரு புடுங்கிட்டாலோ இந்த மூணாவதச் சொல்லும்.

இசக்கிதான் எழுதுனான். எப்படி எழுதறான்? கண்ணு சொல்றது 'கை வெளிய'ங்கறதுக்குச் சமம் கெடையாதுன்னா நில்லுன்னு. ஆறு எடத்துல. ஆறு எடத்துலயும் அந்தச் சனியன் குறி. எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. நான் என்ன பண்ணுனேன், துடைச்சு வெச்சேன். கண்ணு 'கை உள்ள'ன்னு சொன்னா நில்லு, மத்தபடி எறங்கு. முடிஞ்சுது. ரெண்டும் ஒண்ணுதானுங்க? கை உள்ளன்னா நிக்குது, வெளியன்னா எறங்குது. சுத்தமா, லட்சணமா, அந்தக் குறியே தேவைப்படாம. தாளு அடிச்சு ஒட்டுனேன். எழுதுன கை ஆறு, திருத்துன கை பூஜ்யம். அதுக்குக் கீழ கையெழுத்து. திருத்தறது வேற, மாத்தறது வேற, அத நீங்க மனசுல வெச்சுக்கங்க.

இசக்கி தண்ணி குடிக்க வந்தவன் தாளப் பாத்துட்டு அப்படியே நின்னான். "அண்ணே, பிரஸ்ஸுல அத எடுத்துட்டியளா? கண்ணு தெரியாதுன்னு சொன்னா எறங்கிருமேண்ணே"ன்னான். எல்லாத்து முன்னாலயும். டம்ளரோட மூஞ்சியில ஒண்ணு விட்டேன். பல்லுல ரத்தம். வாயத் துடைச்சுட்டு அவன் எடத்துக்குப் போயிட்டான். அவன் இன்னொருக்கா சொல்லியிருக்கலாம். அவன் மேலதான தப்பு?

மிசின் மாட்டறதுக்கு நானே நேருல போனேன். அங்க ஓட்டறது துளசிமணின்னு ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும், வெடவெடன்னு இருப்பா. புது மிசினப் பாத்துப் பயந்துக்கிட்டு, "ஏனுங்ணா, நம்பிக் கைய வெக்கலாமுங்ளா?"ன்னு கேட்டா. நான் என்ற கையவே உள்ள வெச்சேன். இதே கைதான். மிசினு கம்முன்னு நின்னுச்சு. நாப்பது தடவை வெச்சுக் காட்டுனேன், நாப்பது தடவையும் நின்னுச்சு. அப்பறம்தான் அவ சிரிச்சா.

பதினேழாவது நாளு. காலையில பதினோரு மணி, டீக்கு மணி அடிக்கப்போற நேரம். எங்கிருந்தோ எண்ணை தெறிச்சுக் கண்ணு மேல படிஞ்சுபோச்சு. கண்ணு மூணாவதச் சொல்லியிருக்குது. துளசிமணி தகட்ட நேரா வெக்கறதுக்கு வலது கைய உள்ள விட்டிருக்கறா.

நாலு வெரலு. கட்டை வெரலு ஒண்ணுதான் மிச்சம். பக்கத்துல இருந்தவிய சொன்னது, அவ மொதல்ல கத்தவே காணோமாம். கைய எடுத்துப் பாத்துட்டு, குனிஞ்சு வாஷருக்குள்ள தேடுனாளாம். வெரலத் தேடியிருக்கறா. அங்க தேடறதுக்கு என்ன இருக்குது, தகட்டோட தகடா ஆயிருந்துச்சு. அப்பறம்தான் கத்துனாளாம். பட்டறைக்காரங்க ஆளாளுக்குச் சம்மட்டிய எடுத்து அந்த மிசினு பொட்டிய அங்கயே அடிச்சு நொறுக்கிட்டாங்க. நாங்க எழுதிக் குடுத்ததும் அதோட போச்சு.

ஒரு மணிக்கெல்லாம் அவளோட அண்ணனுக ரெண்டு பேரு எங்காபீசுக்கு வந்துட்டானுக. கையில கம்பி. கதவத் தட்டவே காணோம், ஒடைச்சுட்டுத்தான் வந்தானுக. கம்ப்யூட்டரு, கண்ணாடி, சேரு, எல்லாம் சல்லி சல்லி. எங்க மொதலாளி ஒரு கஞ்சப் பிசினாறி, நாங்க எழுதுன புரோகிராம் பழசு புதுசு அத்தனையும் மேசைக்கடியில ஒரே கம்ப்யூட்டர் பொட்டியிலதான் வெச்சிருப்பாரு. அதையும் கம்பியில குத்திக் கொதறிட்டானுக. அந்த ஆளு கக்கூசுக்குள்ள போயித் தாப்பாள் போட்டுக்கிட்டாரு.

பெரியவன் என்ற சட்டையப் புடிச்சுத் தூக்கி, "எவன்டா எழுதுனது?"ன்னான். நெத்திக்கு நேரா கம்பி. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? எழுதுனது இசக்கிதானுங்களே. எழுதுனது யாருன்னுதான் அவன் கேட்டான். கைய நீட்டுனேன். அவ்வளவுதான்.

அவன அடிச்சானுக பாருங்க. நானும் எத்தனையோ அடி பாத்திருக்கறேன், அடிச்சிருக்கறேன். அது அடியே கெடையாது, துவைக்கறது. மொட்டியில, முதுகுல, கால் கெண்டையில. இசக்கி "அம்மா"ன்னுகூடச் சொல்லாம, "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே"ங்கறான். என்னப் பாத்து. நான் கீழ செதறிக் கெடந்த கண்ணாடிச் சில்லக் கால்ல ஒதுக்கிட்டு நின்னேன்.

பட்டறையில இருந்து போன் வந்துச்சு, துளசிமணிக்கு ரத்தம் வேணும்னு. ரெண்டு பேரும் கம்பியப் போட்டுட்டு ஓடிட்டானுக. மத்த பசங்க எப்பவோ மாடிக்கு ஓடிட்டானுக. நானும் இசக்கியும்தான். அவன் நாயி மாதிரி ஊந்துட்டே தண்ணிக் கேன்கிட்டப் போறான். தண்ணிக்குத்தான் போறான்னு நெனைச்சேன். கேனப் புடிச்சு எந்திரிச்சு, செவுத்துல இருந்த அந்தத் தாளக் கிழிச்சான். வாயெல்லாம் ரத்தம். "இது ஒண்ணுதாம்ணே இருக்கு. எழுதுன கை ஆறு, திருத்துன கை பூஜ்யம். நீங்களே எண்ணியிருக்கிய, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிய"ன்னான்.

யாரு எண்ணுன தாளு அது? என்ற தாளு. பதினோரு வருசமா நான் எண்ணி, நான் ஒட்டி, என்ற கையெழுத்துப் போட்ட தாள எடுத்து என்ற மூஞ்சிக்கு நேரா ஆட்டறான். விட்டேன் ஒரு குத்து. கடக்குன்னு சத்தம், அவனுதா என்னுதான்னு தெரியாது. கீழ உழுந்தும் தாள விடாம இறுக்கிப் புடிச்சிருக்கறான். செருப்புக் காலோட அவன் கைய மிதிச்சேன். ஒவ்வொரு வெரலாத்தான் பிரிக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டு வெரலு ஒடிஞ்சுதாமா. அதையும் போலீஸ்ல கம்பியடின்னுதான் எழுதியிருக்காங்க.

இப்ப அவன் ஜி.எச்.ல போலீஸ் காவலோட கெடக்கறான். தாடையக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க, ரெண்டு மாசத்துக்குப் பேச முடியாது. எழுதிக் காட்டலாம்னா ரெண்டு கையும் கட்டு. அசட்டையா எழுதி ஒரு பொம்பளையோட கை போகக் காரணமாயிட்டான்னு அவன் மேல கேஸு. மத்த பசங்க என்ற கைக்குப் பயந்தவனுக, எழுதுனது இசக்கிதான்னு மட்டும் சொல்லிட்டானுக.

தாளா? இந்தா, சட்டைப் பையில இருக்குது. நீங்களே எடுங்க, எனக்கு எடது கைக்கு எட்டாது. மடிப்புல இருக்கறது ரத்தம், பாத்துப் பிரிங்க. எரிச்சுப் போடலாம்னு மூணு தடவை அடுப்புகிட்டக் கொண்டு போனனுங்க. மனசு வரமாட்டேங்குது. பாருங்க, அந்தப் பூஜ்யத்தப் பாருங்க. எத்தனை சுத்தமா இருக்குது. அதப்போயி எப்படி எரிக்கறது?

போன செவ்வாக்கெழமை சாத்துக்குடி வாங்கிக்கிட்டு துளசிமணியப் பாக்கப் போனேன். பகலு மூணு மணி இருக்கும். கட்டுப் போட்ட கையத் தலகாணி மேல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. என்ற கட்டப் பாத்துட்டு அவதான் என்னைக் கேக்கறா, "வலிக்குதுங்ளாண்ணா?"ன்னு.

அப்பறம் சொன்னா, "ஏனுங்ணா, அந்தத் தம்பி சம்சாரம் நேத்து வந்து காலப் புடிச்சுக்கிட்டு அழுவுதுங்க. ஏழு மாசம். அவரு எழுதுனத நீங்க மாத்திட்டீங்கன்னு அவரு முன்னாலயே ஊட்டுல சொல்லியிருந்தாராமாங்க. எனக்கு யாரு மேலயும் வன்மம் கெடையாதுங்ணா. நீங்க உங்க கையவே வெச்சுக் காட்டுனவரு. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க மாத்துனீங்ளா? மாத்திட்டேன்னு சொன்னீங்கன்னா, உள்ளதச் சொல்லி அந்தத் தம்பிய விடச் சொல்லி நானே எழுதிக் குடுத்தர்றேன். வாரத்தோட ஊட்டுக்குப் போயிருவாரு."

மாத்தறது வேற, திருத்தறது வேறன்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தனுங்க. அவ என்ற மூஞ்சியவே பாக்கறா. என்ன சுத்தி வளைச்சாலும் வழி கெடைக்க மாட்டேங்குது. ஒதட்டுக்குக் கீழ இந்தத் தழும்பு கொதிக்குது, கரண்டி இப்பத்தான் பட்ட மாதிரி.

"இல்லைங்க"ன்னேன்.

அவ தலையாட்டுனா. "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்ணா"ன்னா. போலீஸ்காரரு வெச்சிட்டுப் போயிருந்த பேப்பரப் பக்கத்துல இருந்து எடுத்தா. இசக்கி மேல குடுத்த புகாரு. எடது கையில பேனாவப் புடிச்சு, நாக்கக் கடிச்சுக்கிட்டு, கோணக்கோணையா அவ பேர எழுதுனா. அஞ்சு நிமிசமாச்சு எழுதி முடிக்க. பேப்பரு நகராம நான்தான் புடிச்சுக்கிட்டேன்.

அட, எதுக்கு எந்திரிக்கறீங்க? காந்திபுரம் இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்குதே. சரி, தாளக் குடுத்துட்டுப் போங்க. ஏனுங்க... தாளக் குடுங்கன்னேன்! கையில ஒடிஞ்சது ஒண்ணுதான், இன்னொண்ணு நல்லாத்தான் இருக்குது. ஆங், அப்படி. என்ற பையிலயே வெச்சிருங்க.

மேஜிஸ்ட்ரேட்டும் இன்னைக்கு அதையேதான் கேப்பாரு, நீங்க மாத்துனீங்களான்னு. வெடியால கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்துட்டேன். மொதத் தடவை மட்டுந்தானுங்க எரியுது.